வாயைத் திறக்கக் கூடாத நாற்காலி

ஓய்வு பெற்ற நாளிலிருந்து இதுவரை நூற்றுப் பதினேழு முனைவர் பட்டத் தேர்வுகளுக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன். பதிவேட்டைப் பார்த்தால் முப்பத்தொன்பது என்றுதான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் மூன்று தேர்வின் நீளம் போனதால் என் எண்ணிக்கைதான் நியாயமானது.

எங்கள் டன்ரோவன் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம். ஆய்வேட்டை எழுதி முடித்தவரைத் தேர்வாளர்கள் நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும்போது, மேஜையின் தலைமாட்டில் அந்தத் துறையில் அரிச்சுவடிகூடத் தெரியாத ஒருவர் உட்கார வேண்டும். அவர்தான் அவைத் தலைவர். கடிகாரம் பார்ப்பது, சண்டை மூண்டால் விலக்கிவிடுவது, தேநீர் இடைவேளை விடுவது, இவ்வளவுதான் அவர் வேலை. ஆய்வைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தேர்வே செல்லாது. ஆறு மாதம் கழித்து முதலிலிருந்து. முப்பத்தாறு வருடம் கட்டடத் துறையில் சிமெண்ட் காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, சும்மா உட்காருவதில் இருக்கும் தகுதி இந்தத் தெற்குத் தீவில் வேறு யாருக்கும் கிடையாது.

அந்த நாற்காலியிலிருந்து நான் கேட்டவற்றைச் சொன்னால் என் தங்கையே நம்பமாட்டாள். ஓர் ஆடு கொட்டாவி விட்டால் பக்கத்து ஆடும் விடுமா என்று நான்கு வருடம் மந்தைக்கு எதிரில் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன். தேர்வன்று அவன் விட்ட ஒரு கொட்டாவிக்கு நாங்கள் ஐந்து பேரும் பதில் கொட்டாவி விட்டோம். அதையும் அவன் குறித்துக்கொண்டான். கயிற்று முடிச்சுகளின் கணிதத்தில் மேதையான ஒருத்தி, ஷூ லேஸ் அவிழ்ந்து வாசலில் தடுக்கி விழுந்தாள். ஏதோ ஒரு துறவி எந்தக் காலத்திலோ வைத்த காற்புள்ளியைப் பற்றி ஒருவர் அறுநூறு பக்கம் எழுதியிருந்தார். அது காற்புள்ளி அல்ல, ஈ உட்கார்ந்த கறை என்று ஒரு தேர்வாளர் சொல்ல, இருவரும் கோட்டைக் கழற்றிவிட்டு எழுந்தார்கள். அன்று நான் மூன்று முறை தேநீர் இடைவேளை விட்டேன்.

போன மார்ச்சில் பிரிப்பி வந்தான். நத்தையின் நாக்கு. அதுதான் தலைப்பு, அதுதான் நானூறு பக்கமும். நத்தையின் நாக்கில் பதினாலாயிரம் பல் இருக்கிறதாம். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, அவனே எண்ணியிருக்கிறான். அது எதைச் சுரண்டினாலும் விழும் தடத்தை முந்நூறு படமாக எடுத்துக் காட்டினான். தலையை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டித் தின்றுகொண்டே முன்னேறுமாம். புல்வெட்டும் இயந்திரம் போன தடம் போல அடுத்தடுத்து வளைந்த கோடுகள். இரண்டு வாரம் எனக்குக் கனவில் அதே கோடுகள்தான். பிரிப்பி பட்டம் வாங்கி, கீழ்த்தளத்தில் இருக்கும் அருங்காட்சியகத்திலேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டான்.

இப்போது நவம்பர் மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தேர்வுக்கு வந்தவள் லோசலீன் டௌஃபா. டோங்காத் தீவுகளில் பிறந்து இங்கே வந்து ஏழு வருடம் படித்தவள். அந்த நாட்டுத் தலைநகரான நுகுஅலோஃபாவின் கல்லூரியில் அவளுக்காக ஒரு வேலை காத்திருந்தது, பிப்ரவரியில் சேர வேண்டும், கையில் பட்டத்தோடு. அதற்குமேல் காத்திருக்க மாட்டோம் என்று எழுதியே விட்டார்கள். அறைக்கு வெளியே அவளுடைய அத்தைமார் ஐந்து பேர் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பால் விட்டுப் பொதிந்து வேகவைத்த மாட்டிறைச்சி ஒரு பெரிய பாத்திரம் நிறைய. மிட்டாய்களைக் கோத்த மாலைகள் வேறு, பளபளவென்று.

"தேர்வு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, அதுக்குள்ள மாலையா?" என்றேன்.

பெரிய அத்தை செலெசி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்தப்புறமா பன்னி அடிப்பாங்க? நீங்க உள்ள போய் சீக்கிரம் முடிங்கம்மா. இலை ஆறிப்போகும்."

லோசலீனின் ஆய்வு இது. 1884இல் எங்கள் கடற்கரைக் கலங்கரை விளக்கம் ஒன்றில் காவலராக இருந்தவர் ஆர்ச்சிபால்டு பிரிங்கிள். அங்கே தினம் மூன்று வேளை காற்றும் மழையும் குறிக்கப்பட்ட நோட்டுகள் இருக்கின்றன. அவற்றை எழுதியது ஆர்ச்சிபால்டு அல்ல, அவர் மனைவி யூஃபிமியா என்பது லோசலீனின் வாதம். நான்காம் அத்தியாயத்தில்தான் வெடி: ஆறாம் நோட்டில் பல வரிகள் யாரோ சுரண்டி அழித்தாற்போல் இருக்கின்றன. மனைவி எழுதியதைப் பொறுக்காமல் கணவன்தான் கத்தியால் சுரண்டினான் என்று அறுபது பக்கம். தலைப்பே 'கணவனின் கை'.

உள்ளூர்த் தேர்வாளர் ஜில்லியன் அறையிலேயே இருந்தார். வெளித் தேர்வாளர் பேராசிரியர் ஃபார்க்கர் ஸ்காட்லாந்திலிருந்து திரையில் வந்தார். அங்கே அவருக்கு இரவு. மேலே கோட்டும் டையும். கீழே பைஜாமா என்று சத்தியம் செய்வேன்.

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஃபார்க்கர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றும் தேர்வாளரை நம்பவே கூடாது, இது என் நூற்றுப் பதினேழு தேர்வின் அனுபவம்.

"உங்க நாலாம் அத்தியாயம். அழிச்சது கணவர்தான்னு உறுதியா சொல்றீங்களா?"

"உறுதியா சொல்றேன் சார்."

"அந்த வருஷம் மே ஆரம்பத்துல அவர் கால் முறிஞ்சு துறைமுக ஆஸ்பத்திரியில சேர்ந்திருக்கார். பதிவேடு என் கையில இருக்கு. வெளியே வந்தது ஆகஸ்ட்ல. ஆறாம் நோட்டு மே மாசம்தான் ஆரம்பிக்குது. ஜூலை கடைசியில தலைமை அலுவலகத்துக்குப் போயிடுச்சு, 'சேதமான நிலையில் வந்து சேர்ந்தது'ன்னு அங்கே குறிச்சும் வச்சிருக்காங்க. அப்போ ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே கத்தியை நீட்டினாரா?"

லோசலீன் பேனாவை மூடி வைத்தாள்.

"அறுபது பக்கம் காத்துல நிக்குது," என்றார் ஃபார்க்கர். கொடூரமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம். "அழிச்சது யார்னு சொல்ல முடியலைன்னா, அந்த நோட்டையே நம்ப முடியாது. நோட்டு போச்சுன்னா ஆய்வேட்டை முழுசா திருப்பி எழுதணும். இரண்டு வருஷம் ஆகும்னு நினைக்கிறேன்."

இரண்டு வருடம். கதவுக்கு வெளியே ஓர் அத்தை சிரிப்பது கேட்டது.

நான் என் முன்னால் இருந்த ஆய்வேட்டின் பிரதியைப் புரட்டினேன். புரட்டுவது பேசுவதாகாது. 212ஆம் பக்கத்தில் அந்த அழிந்த வரிகளின் பெரிதாக்கிய படம். பார்த்ததும் அதைக் கண்ணருகே தூக்கினேன். இடமும் வலமும், இடமும் வலமும், அடுத்தடுத்து வளைந்த கோடுகள். என் இரண்டு வாரக் கனவு.

நாக்கின் நுனிக்கு வார்த்தை வந்துவிட்டது. உதட்டைப் பல்லால் கடித்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது. சொன்னால் தேர்வு செல்லாது, ஆறு மாதம், வேலை போய்விடும். சொல்லாவிட்டால் இரண்டு வருடம், அப்போதும் வேலை போய்விடும். முப்பத்தாறு வருட சிமெண்டும் எனக்கு இதற்கு வழி சொல்லித்தரவில்லை.

"தேநீர் இடைவேளை," என்றேன்.

"இப்பவா?" என்றார் ஜில்லியன்.

"ஸ்கோன் ரொட்டி செஞ்சு கொண்டுவந்திருக்கேன். ஆறிட்டா கல்லு மாதிரி ஆயிடும், நான் கட்டடத் துறை ஆளு."

ஃபார்க்கர் கோகோ போட எழுந்தார். பைஜாமாதான், நீலக் கோடு போட்டது. நான் கீழ்த்தளத்துக்கு ஒரு செய்தி தட்டினேன்: ஸ்கோன் இருக்கு, மேலே வா. பிரிப்பி படிக்கட்டை மூன்று மூன்றாகத் தாண்டி வரும் சத்தம் எங்கள் ஊரை ஒரு வருடம் உலுக்கிய பிப்ரவரி நிலநடுக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

தேநீர் மேஜையில் ஸ்கோன், பிளம் ஜாம், பாலேடு. ஜாமுக்குப் பக்கத்தில் ஆய்வேடு, 212ஆம் பக்கத்தில் திறந்தபடி, அது மூடிக்கொள்ளாமலிருக்க மேலே ஒரு பூதக்கண்ணாடி. தேநீர் மேஜையில் புத்தகம் வைக்கக் கூடாது என்று விதி ஏதுமில்லை. பிறகு தேடிப் பார்த்தேன்.

"ஆன்ட்டி, நீங்க தெய்வம்," என்றான் பிரிப்பி. இரண்டாவது ஸ்கோன் வாயில் இருக்கும்போது அவன் கண் 212ஆம் பக்கத்துப் படத்தில் விழுந்தது. மெல்லுவது நின்றது. கழுத்து நீண்டது.

"யாரோட நத்தை இது?"

ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்த லோசலீன் திரும்பினாள். "அது நத்தை இல்ல. அது ஆர்ச்சிபால்டு."

"ஆர்ச்சிபால்டுக்குப் பதினாலாயிரம் பல்லா?"

"என்ன சொல்றீங்க?"

"தோட்டத்து நத்தை இது. நல்லா வளர்ந்த ஆளு, பசியில இருந்திருக்கு. பாருங்க, இங்கே திரும்பியிருக்கு, இங்கே களைச்சுப்போய் நின்னிருக்கு. காகிதம்னா அதுங்களுக்கு உயிர். என் மாமா வீட்டு தபால் பெட்டியில வரி கட்டச் சொல்லி வந்த கடிதத்தையே தின்னு தீர்த்துச்சு."

"நத்தையா?" என்றார் ஜில்லியன், கையில் ஸ்கோனோடு. பிறகு, தான் இடைவேளையில் ஆய்வைப் பற்றிப் பேசக் கூடாது என்று நினைவு வந்து, மீதி ஸ்கோனை முழுசாக வாயில் திணித்துக்கொண்டார்.

தேர்வாளர்கள் பேசக் கூடாது. நான் பேசக் கூடாது. பசியோடு வந்த நத்தைக்காரனைப் பற்றி விதியில் ஒரு வார்த்தை கிடையாது.

லோசலீன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிற்று. கையை எடுத்தபோது பார்த்தால் சிரிப்பு.

"முட்டைக்கோஸ் கூடை," என்றாள். "கடவுளே. முட்டைக்கோஸ் கூடை!" கைதுடைக்கும் காகிதத்தை இழுத்து எழுதத் தொடங்கினாள்.

ஃபார்க்கர் கோகோவோடு திரும்பி வந்தார். நான் கடிகாரம் பார்த்துத் தேர்வைத் தொடங்கி வைத்தேன்.

"சார், நான் சொன்னது தப்பு," என்றாள் லோசலீன். "அழிச்சது ஆர்ச்சிபால்டு இல்ல. நத்தை."

திரையில் கோகோக் கோப்பை பாதி வழியில் நின்றது.

"மே பத்தொம்பதாம் தேதி யூஃபிமியா எழுதியிருக்காங்க: 'கூரை ஒழுகுகிறது. நோட்டுகளை முட்டைக்கோஸ் கூடைக்குள் வைத்தேன். அங்கே மட்டும்தான் நனையவில்லை.' நாப்பது தடவை படிச்சிருக்கேன். அந்தக் கூடையை ஒரு குறியீடுன்னு இரண்டாம் அத்தியாயத்துல ஒன்பது பக்கம் எழுதி வச்சிருக்கேன். அது கூடை சார். உள்ள முட்டைக்கோஸ் இருந்திருக்கு. முட்டைக்கோஸ்ல நத்தை இருந்திருக்கு. அந்தத் தடம் நத்தை நாக்கோடதுன்னு இப்போ தேநீர் மேஜையில ஒருத்தர் பார்த்தவுடனே சொன்னார். எழுதி வாங்கி இணைக்கிறேன்."

ஜில்லியன் மேஜைக்கடியில் குனிந்து எதையோ தேடினார். எதுவும் விழுந்திருக்கவில்லை.

"இன்னொண்ணு சார்," என்றாள் லோசலீன். குரல் இப்போது நேராக நின்றது. "அவர் ஆஸ்பத்திரியில இருந்தது எனக்குத் தெரியாது. நீங்க கண்டுபிடிச்சுத் தந்திருக்கீங்க. மே, ஜூன், ஜூலை, தினம் மூணு வேளை, ஒரு நாள் விடாம குறிப்பு இருக்கு. வீட்டுல இருந்தது அவங்களும் மூணு சின்னக் குழந்தைகளும்தான். அப்போ எழுதினது யார்? விளக்கு ஏத்தினது யார்? என் ஆய்வேடு கேட்ட கேள்விக்கு நீங்க கொண்டுவந்த பதிவேடுதான் பதில்."

ஃபார்க்கர் தன் பதிவேட்டை எடுத்து மறுபடி தேதி தேதியாகப் படித்தார். அதற்குள் முழுசாக ஒரு பாலம் காய்ந்து வண்டியும் போகத் தொடங்கியிருக்கும்.

"அப்போ நாலாம் அத்தியாயம்?" என்றார் ஃபார்க்கர்.

"எரிச்சிடறேன்."

"எரிக்காதீங்க. தலைப்பை மாத்துங்க." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். உதட்டோரம் துடித்தது. "பத்து வருஷமா என் தோட்டத்துல கீரை ஒரு இலை மிஞ்சினதில்ல. பக்கத்து வீட்டு முயல்தான்னு அந்த மனுஷனோட பேசுறதையே நிறுத்திட்டேன். நாளைக்குப் போய் மன்னிப்பு கேக்கணும் போலிருக்கு."

அவளை வெளியே அனுப்பி முடிவு எடுக்க நான்கு நிமிடம் ஆயிற்று. தேர்ச்சி, சிறு திருத்தங்களோடு. இரண்டு மாதம் போதும், ஜனவரி முடிவதற்குள். நான் கதவைத் திறந்து சொன்னதுதான் தாமதம், ஐந்து அத்தைமாரும் பாட ஆரம்பித்தார்கள். ஐந்து பேர் ஐந்து சுருதியில் தொடங்கி ஒரே இடத்தில் வந்து சேர்ந்தபோது ஜன்னல் கண்ணாடியில் விரிசல் விழுந்தது. பழைய விரிசல்தான் என்று காவலாளி சொல்கிறார், அவருக்கு என்ன தெரியும்.

லோசலீனின் கழுத்தில் காது வரைக்கும் மிட்டாய் மாலை. ஒன்று பிரிப்பிக்கு, ஒன்று எனக்கு. ஒன்றைத் திரையின் மூலையில் தொங்கவிட்டாள் செலெசி அத்தை. ஸ்காட்லாந்தில் ஃபார்க்கர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார்.

"யாரு இந்தப் பையன்? இவனும் சரித்திரமா?" என்று அத்தை பிரிப்பியின் தட்டில் இலைப்பொதியை வைத்தபடி கேட்டாள்.

"நத்தை, அத்தை," என்றாள் லோசலீன்.

"பாவம். நல்லா சாப்பிடச் சொல்லு."

பிரிப்பிக்கு அது காதில் விழவில்லை. "அந்த நோட்டை நான் நேர்ல பார்க்கணுமே," என்று லோசலீனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். "நூத்தி நாப்பது வருஷத்துக்கு முந்தின தடம். என்கிட்ட இருக்கிறதிலேயே பழசு போன வருஷத்தோடது. நாம சேர்ந்து ஒரு கட்டுரை எழுதலாம்."

"யார் பேரு முதல்ல வரும்?"

"உங்க பேரு, என் பேரு, அப்புறம் நத்தை."

"யூஃபிமியா பேரு?"

"அவங்கதான் முதல்," என்றான் பிரிப்பி உடனே, வாய் நிறைய. அந்த இடத்தில்தான் இவன் உருப்படுவான் என்று எனக்குத் தெரிந்தது.

எல்லோரும் போனபின் நான் தலைமாட்டு நாற்காலியில் திரும்ப உட்கார்ந்து அவைத் தலைவரின் அறிக்கைப் படிவத்தை நிரப்பினேன். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடைவேளைகள்: ஒன்று. கடைசிக் கேள்வி: 'ஆய்வுப் பொருள் குறித்து அவைத் தலைவர் ஏதேனும் கருத்துத் தெரிவித்தாரா?' பிளம் ஜாம் ஒட்டிய விரலோடு, 'இல்லை' என்ற கட்டத்தில் பெரிதாக ஒரு குறி போட்டேன். கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. பரவாயில்லை, அடுத்த வாரம் வருகிறவர் பனிப்பாறையின் சத்தத்தைப் படித்தவராம்.