வாயில் போடாத மாத்திரை

முஹபுரா மலையடிவாரத்தில், எரிமலை கக்கிய கறுப்புப் பாறையின் மேலேயே குடியிருக்கும் கிபாயா கிராமத்தில், ஒன்பது வருஷமாகப் பூச்சி மாத்திரை கொடுத்து வந்தவள் செரஃபினா. சம்பளம் கிடையாது. ஒரு மஞ்சள் பனியன், ஒரு நீளப் பதிவேடு, வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து சேரும் மாத்திரை டப்பாக்கள், அவ்வளவுதான். ஆனால் எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எது மண்ணைத் தின்னும், எது மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து அப்புறம் துப்பும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஊரின் கீழ்ப்பாதியில் மண் உண்டு, கக்கூஸுக்குக் குழி வெட்டலாம். மேல்பாதியில் கடப்பாரையைப் போட்டால் பொறிதான் பறக்கும். அங்கே பிள்ளைகள் உருளைக்கிழங்குக் கொல்லையில்தான் ஒதுங்கும். மழை பெய்தால் எல்லாம் கிழங்கோடும் பீன்ஸ் செடியோடும் கலந்துவிடும். மாத்திரை போட்ட மறுநாள் கொத்துக் கொத்தாகப் புழு விழும். நாலைந்து மாதத்தில் பழையபடி வயிறு ஊதிக்கொள்ளும். பாறைக்கு மேலேயே மேடை கட்டிக் கக்கூஸ் வைத்துக் கொடுங்கள் என்று செரஃபினா ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பாள். மேற்பார்வையாளர் பிசிமானா குறித்துக்கொள்வார். அதோடு சரி.

அந்த ஏப்ரலில் இரண்டு டப்பா வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் வந்தது. ஊரில் நூற்று நாற்பது பிள்ளைகள். டப்பாவில் நூறு மாத்திரை. பள்ளிக்கூடம் கீழ்ப்பாதியில் இருந்ததால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் விடிந்ததும் வந்து வரிசையில் நின்றன. செரஃபினாவின் மகன் முகபோவும் அவர்களோடு நின்று வாங்கி மென்றான். மேல்பாதிப் பிள்ளைகள் இறங்கி வருவதற்குள் டப்பாவின் அடி தெரிந்துவிட்டது.

கடைசியில் வந்தவர்களில் வெனான்சியாவின் மகள் இஷிம்வேயும் ஒருத்தி. ஆறு வயது. தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு, ஒரு கையை நீட்டியபடி நின்றாள்.

"தீந்துபோச்சுடி கண்ணு. அடுத்த வாரம் வரும். உனக்கு ரெண்டா தரேன்."

"ரெண்டு வேணாம் பெரியம்மா. எனக்கு ஒன்னு, தம்பிக்கு ஒன்னு."

மத்தியானம் பிசிமானா மோட்டார் சைக்கிளில் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். காலியாக இருந்த நாற்பது கட்டங்களின் மேல் விரலை ஓட்டினார்.

"என்னம்மா இது, ஓட்டை விழுந்த பல்லு மாதிரி?"

"மாத்திரை வரலையே சார்."

"வரும். இந்த வாரத்துக்குள்ள நானே கொண்டாந்து தரேன். ஆனா கணக்கு இன்னிக்கு சாயங்காலம் மேல போகணும். டிக் போட்டுரு. எப்படியும் குடுக்கத்தானே போற?"

"குடுத்துட்டு எழுதுறேனே."

"ஊரூராப் போயி எல்லார்கிட்டயும் இதே பாட்டைக் கேக்கறேன். நீயுமா? ஒன்பது வருஷமா வேலை பாக்கறவ, உனக்குத் தெரியாதா?"

அவள் போட்டாள். நாற்பது டிக். அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

பக்கத்து மலையில் கூலிக்குக் களை வெட்டப் போயிருந்த வெனான்சியா நாலு நாள் கழித்துத் திரும்பினாள். தண்ணீர்க் குழாயடியில் பார்த்ததும், "புள்ளைங்களுக்குப் போட்டாச்சாக்கா? இஷிம்வேயைக் கேட்டா 'அடுத்த வாரம், அடுத்த வாரம்'ன்னே சொல்லுது" என்று கேட்டாள். கூட நாலைந்து பெண்கள் நின்றார்கள். செரஃபினா குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "ம், போட்டாச்சு" என்றாள்.

மாத்திரை வரவில்லை. இரண்டு தடவை சுகாதார நிலையம் வரைக்கும் நடந்து போய்க் கேட்டாள். மூன்றாம் தடவை அங்கே மருந்துக் கிடங்கில் இருந்த ஆள் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"கிபாயாவா? நூத்துக்கு நூறு போட்டாச்சுன்னு இருக்கு. அப்புறம் எதுக்கு மாத்திரை? வித்துத் திங்கவா?"

ஜூன் கடைசியில் இஷிம்வே வயிற்று வலியில் சுருண்டாள். முதல் நாள் வாந்தி. இரண்டாம் நாள் வாந்தியில் ஒரு முழ நீளத்துக்குப் புழு. மூன்றாம் நாள் வயிறு மத்தளம் போல இறுகிவிட்டது. அவள் அப்பன் செபகபோவும் இன்னும் மூன்று பேரும் டோலி கட்டித் தூக்கினார்கள். பாறைச் சரிவில் வழுக்கி வழுக்கி இறங்கினார்கள். செரஃபினாவும் கூடவே போனாள். வழி நெடுக வெனான்சியா செரஃபினாவின் கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்குப் பூச்சி மாத்திரை குடுத்திருக்கா?"

"குடுத்திருக்கு டாக்டர்" என்றாள் வெனான்சியா. "ஏப்ரல்ல குடுத்தாங்க. இந்த அக்காதான் குடுத்தாங்க."

டாக்டர் செரஃபினாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

வயிற்றைக் கிழித்தபோது குடல் அழுகியிருந்தது. புழுக்கள் கயிறு திரித்தது போலப் பின்னிக்கொண்டு அடைத்திருந்தன என்று நர்ஸ் வெளியே வந்து சொன்னாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போன டோலியிலேயே திரும்பக் கொண்டு வந்தார்கள்.

அடக்கம் முடிந்த வாரத்தில் ஊர் பேச ஆரம்பித்தது. மாத்திரைதான் புழுவைக் கிளப்பிவிட்டது, அதுதான் குடலில் ஏறி அடைத்தது என்றார்கள். பக்கத்துக் கிராமங்களிலும் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். சேதி மேலே எட்டியதும் கூட்டம் போட உத்தரவு வந்தது. பிசிமானா முதலில் செரஃபினாவின் வீட்டுக்குத்தான் வந்தார்.

"மாத்திரையைக் குடுத்தேன், புள்ள முழுங்குனா, நான் பாத்தேன்னு சொல்லு. மாத்திரை யாரையும் கொல்லாது, புள்ளைக்கு வேற ஏதோ சீக்குன்னு மிச்சத்தை நான் சொல்லிக்கறேன்."

"நான் குடுக்கல சார். உங்களுக்கே தெரியும்."

"இல்லேன்னு நீ சொன்னா எத்தனை ஊரு பதிவேட்டைத் திறந்து பாப்பாங்க தெரியுமா? மருந்து அனுப்பறவன் கையக் கழுவிட்டுப் போயிருவான். அப்புறம் ஒரு புள்ளைக்கும் கிடையாது. அந்தப் பாவமும் உன் தலையிலதான்."

அவர் சொன்னதில் பாதி பயமுறுத்தல், பாதி நிஜம். எது எந்தப் பாதி என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

பள்ளிக்கூட முற்றத்தில் ஊரே கூடியது. பிசிமானா மாத்திரையின் பெருமையை நீட்டி முழக்கிப் பேசினார். பேசி முடித்ததும் வெனான்சியா எழுந்தாள். அவரைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லு. எம் புள்ள வாயில நீ மாத்திரை போட்டியா?"

போட்டேன் என்றால் மாத்திரை கொலைகாரி ஆகிவிடும். இனி ஒரு தாயும் பிள்ளையை அனுப்ப மாட்டாள். போடவில்லை என்றால் கொலைகாரி அவளேதான்.

"போடல" என்றாள் செரஃபினா. "தீந்துபோச்சு. போட்டேன்னு எழுதினேன். உங்கிட்டயும் பொய் சொன்னேன்."

வெனான்சியா அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"முகபோவுக்குப் போட்டியா?"

"போட்டேன்."

"ஓ" என்றாள் வெனான்சியா. உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. மஞ்சள் பனியனைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். செரஃபினா நாற்பது மாத்திரையைக் கடைக்காரனுக்கு விற்றுவிட்டாள் என்று அறிக்கை போனது. பிசிமானா வேறு வட்டாரத்துக்கு மாறிப் போனார். பதவி உயர்வு என்று சொல்லிக்கொண்டார்கள். வேறெந்த ஊரின் பதிவேட்டையும் யாரும் திறந்து பார்க்கவில்லை. குழாயடியில் செரஃபினா வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கடைக்காரன் மட்டும், "நான் வாங்கின மாத்திரையை எங்கக்கா வெச்சிருக்கேன்? எனக்கே தெரியலையே!" என்று அவளிடம் சொல்லிச் சிரித்தான். அது ஒன்றுதான் அந்த மாதங்களில் அவளுக்குக் கிடைத்த ஆறுதல்.

அக்டோபரில் மாத்திரை வந்தது. இந்தத் தடவை மூன்று டப்பா. தேவைக்கு மேலேயே இருந்தது. புதிதாக நியமிக்கப்பட்ட பெண் கான்சொலாட்டா, கீழே வேறு ஊரிலிருந்து வந்தவள். மேல்பாதி ஆட்களோடு அவ்வளவாகப் பழக்கமில்லை. பழைய பதிவேட்டிலிருந்து அப்படியே பெயர்களைப் புதியதில் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டாள்.

மாத்திரை பயம் போயிருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. செரஃபினா முகபோவைக் கூட்டிக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் நின்றாள். மேல்பாதியிலிருந்து வெனான்சியா தன் சின்னவனைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்து நடுவில் நின்றிருந்தாள்.

"இஷிம்வே!" என்று கான்சொலாட்டா கூப்பிட்டாள். பேனா கட்டத்தின் மேல் தயாராக இருந்தது. "இஷிம்வே! எங்க அந்தப் பொண்ணு?"

வெனான்சியா முன்னால் போனாள்.

"அவ இல்ல. எழுதிராத" என்றாள். "அடுத்த பேரு இவன்தான். முதல்ல இவன் வாயில போடு."

சின்னவன் மென்றான். வெனான்சியா அவன் வாயைத் திறந்து, நாக்குக்கு அடியிலும் கன்னத்திலும் விரல் விட்டுப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் எழுத விட்டாள். எழுதும்வரை குனிந்து நின்று, படிக்கத் தெரியாத அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது வரிசையை ஒட்டித்தான் வந்தாக வேண்டும். செரஃபினா பேச வாயெடுத்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வெனான்சியா நிற்கவில்லை. முகபோவின் வயிற்றை ஒரு நொடி பார்த்துவிட்டு, மகனை இழுத்துக்கொண்டு பாறை ஏறிப் போனாள்.