சலவைக்கூடத்தில் ஓர் ஆள் குறைப்பு

எங்கள் மேலாளருக்குக் கோபமே வராது. அதை நல்ல குணம் என்று ஆறு வருஷம் நம்பிய மடச்சி நான்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாங்கள் பத்துப் பெண்கள். யார் மகனுக்குப் பரீட்சை, யார் மாமியாருக்குச் சர்க்கரை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்தபோது வாசலில் வந்து நின்றவர் அவர். என் சொந்த அண்ணன் எட்டிப் பார்க்கவில்லை.

என் ஜோடிக்காரிக்கு வலது தோள் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஈரத்துணியை மெஷினிலிருந்து இழுத்து வண்டியில் போடுவது இரண்டு பேர் வேலை. இழுப்பதெல்லாம் நான், வண்டி தள்ளுவது அவள் என்று சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டோம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அவள் சம்பளத்தில்தான் இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஒருநாள் மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார்.

"அவங்க முகமே சரியில்லையேம்மா. கேட்டா ஒண்ணுமில்லங்கிறாங்க. மடிக்கிற மேசையில ஒரு இடம் காலியாகுது, உக்காந்து செய்யுற வேலை. யாருக்குக் குடுக்கலாம்னு யோசிக்கிறேன்" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது அடுத்தவள். தோளைப் பற்றி, எட்டு மாதத்தைப் பற்றி, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் கைக்குக் கடிதம் வந்தது. உடல்தகுதி இல்லை, மாதக் கடைசியோடு நிறுத்தம். கொடுக்கும்போது மேலாளர் கண் கலங்கினாராம். உங்கள் ஜோடிக்காரியே வந்து சொன்ன பிறகு நான் எப்படி மறைக்க முடியும் என்றாராம். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற வித்தை.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மேசை வேலைக்காகத்தான் சொன்னேன் என்று அழுதேன்.

"அப்படி ஒரு வேலையே இல்லைன்னு சார் சொல்லிட்டாரு. உன்கிட்ட மட்டும்தானே நான் சொன்னேன்" என்றாள்.

நேரே அவர் அறைக்குப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பதாகத்தான் எண்ணம். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். ஓர் ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்றார்.

"பட்டியல்ல மொதல்ல இருந்தது உங்க பேரு. வீட்டுக்காரர் நெலமை எனக்குத் தெரியாதா? கெஞ்சிக் கூத்தாடி மாத்துனேன். வெளியில சொல்லாதீங்கம்மா."

ரொம்ப நன்றி சார் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மனசு அடங்காமல், மறுநாள் சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். பட்டியலில் முதலில் இருந்தது தன் பெயர் என்றல்லவா சார் சொன்னார் என்றாள். எதிரில் இருந்தவள் நிமிர்ந்தாள். அவளிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். ஒன்பது பேரும் தனித்தனியாகப் போய் அவருக்கு நன்றி சொல்லியிருந்தோம்.