இடது சக்கரத்தின் உள் நட்டு

என் வீட்டுக்காரருக்கும் என் தம்பிக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பார்கள். "உன் தம்பிகிட்ட கேளு, டயர் எப்ப வரும்னு" என்பார் இவர். "மாமாகிட்ட சொல்லுக்கா, நாளைக்கு வந்துரும்னு" என்பான் அவன். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ரெண்டு பேரும் நாக்கை என்ன வாடகைக்கு விட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். அதற்கும் இருவரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. தம்பி முதலில் செல்போன் ரிப்பேர் கடை வைத்தான், மூடினான். பார்சல் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனான், விட்டான். பிறகு மோட்டார் காயில் கட்டினான், அதுவும் பாதியில் நின்றது. அதோடு என் வீட்டுக்காரர் அவனை 'மாப்ள' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து அவன் 'உன் தம்பி' ஆகிவிட்டான், ஏதோ நான் கல்யாணச் சீரோடு கொண்டுவந்த பழைய பீரோ மாதிரி.

இப்போது தம்பி டயர் கடை போட்டிருக்கிறான். பிக்கப் வண்டிகள் நிற்கும் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே, தகரக் கூரை, ஒரு கம்ப்ரஸர், ஒரு ஜாக்கி. ஸ்டாண்டு டிரைவர்கள் வந்தால்தான் அவனுக்குப் பிழைப்பு. அவர்களோ பொல்லாதவர்கள். ஒரு வண்டியில் ஏதாவது கோளாறு என்றால் எல்லோரும் சுற்றி நின்று முதலில் கேட்பது, "யாரு மாட்டுனது?" அதற்கு வரும் பதிலோடு அந்தக் கடைக்கு வாழ்வா தாழ்வா என்பது முடிவாகிவிடும். சொந்த அக்கா வண்டியில் அவன் கை வைத்தது எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கடையும் போனால் இனி அவனை யாரும் நம்பமாட்டார்கள், அவனே நம்பமாட்டான்.

எங்களுக்குக் கண்ணாடி வியாபாரம். இவர் வெட்டுவார், நான் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவேன். பாரம் தாங்கட்டும் என்று முன்னால் அகலமான டயர் போட்டோம். போட்ட நாளிலிருந்து ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயரின் உள் விளிம்பு இரும்பில் உரசி 'கரக் கரக்' என்றது. சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ள வேண்டும். அதற்கு ஸ்பேசர் போடுவார்கள், சக்கரத்துக்கும் அது மாட்டுகிற ஹப்புக்கும் நடுவில் வைக்கிற வட்டமான அலுமினியக் கட்டை.

இவர் சும்மா இருப்பாரா? கண்ணாடியின் கனத்தை அளக்கிற வெர்னியரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து இடைவெளியை அளந்தார். தானே போய் மெல்லிசாக ஒரு ஜோடி வாங்கிவந்தார். தம்பி ஒன்றை மாட்டி, சக்கரத்தை வைத்து, நட்டைச் சுற்றிப் பார்த்தான். இரண்டு மூன்று சுற்றிலேயே நின்றுவிட்டது.

"மாமாகிட்ட சொல்லுக்கா. கட்டை நுழைஞ்சதும் போல்ட் நீளம் பத்தல. நட்டுக்குப் பிடிமானமே இல்ல. தனியா போல்ட் வச்ச வகை வேணும்."

போல்ட் வைத்தது வந்தது. இந்த முறை நடு ஓட்டை பெரிசு. ஹப்பில் உட்காராமல் லொடலொடவென்று ஆடியது. "மோதிரம் விரல்ல நிக்கற மாதிரி சிக்குனு நிக்கணும்க்கா. இல்லேன்னா ஓடும்போது ஸ்டியரிங் உதறும்" என்றான். மூன்றாவதாக அவனே தேடிப்பிடித்து ஒரு ஜோடி கொண்டுவந்தான். இவர் அதைத் திருப்பித் திருப்பி அளந்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. அந்தக் கடுப்பு முகத்தில் அப்படியே தெரிந்தது.

"உன் தம்பி எதேச்சையா சரியா வாங்கிட்டான்" என்றார்.

மாட்டுகிற அன்று மூவரும் கடையில்தான் இருந்தோம். இதில் இரண்டு அடுக்கு நட்டு. உள் நட்டு ஸ்பேசரை வண்டியோடு பிடிக்கும். வெளி நட்டு சக்கரத்தை ஸ்பேசரோடு பிடிக்கும். சக்கரத்தை மாட்டிவிட்டால் உள் நட்டு கண்ணுக்கே தெரியாது. தம்பி இரண்டு ஹப்பையும் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்தான். வலது பக்கத்து உள் நட்டுகளை இந்தப் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, நீளக் கைப்பிடி ரெஞ்சால் இறுக்கினான். போதுமான இறுக்கம் வந்தால் அந்த ரெஞ்ச் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். ஒவ்வொரு நட்டுக்கும் டக், டக் என்று கேட்டது.

இடது பக்கம் வருவதற்குள் ஒரு வண்டி பஞ்சரோடு வந்து நின்றது. கடைக்கு வந்தவரைக் காக்கவைக்க முடியுமா? அவன் அங்கே ஓடினான். இவர் சட்டைக் கையை மடித்தார். ரெஞ்சைத் தொடவில்லை, தன் பையிலிருந்து சின்ன ஸ்பேனரை எடுத்து இடது பக்கத்து உள் நட்டுகளை ஒவ்வொன்றாக, அலுங்காமல் நலுங்காமல் இறுக்கினார்.

தம்பி திரும்பி வந்து, "மாமா டைட் பண்ணிட்டாரான்னு கேளுக்கா" என்றான்.

"நான் பண்ணா பண்ணதுதான்னு சொல்லு."

அவன் ரெஞ்சைக் கையில் எடுத்தான். ஒரு நிமிஷம் யோசித்தான். கீழே வைத்துவிட்டுச் சக்கரத்தை மாட்டினான். மாமா இறுக்கியதை மச்சினன் மறுபடி இறுக்கிப் பார்த்தால், எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சரிபார்ப்பு இல்லை, அவமரியாதை. வேறு யார் இறுக்கியிருந்தாலும் அவன் விட்டிருக்கமாட்டான். "கொஞ்ச தூரம் ஓடுனதும் ஒருதடவை கழட்டி உள் நட்டைப் பாக்கணும்னு மட்டும் சொல்லுக்கா" என்றான். "ஒழுங்கா செஞ்சா எதுக்கு ரெண்டாவது தடவை?" என்றார் இவர்.

உரசல் சுத்தமாக நின்றுபோனது. இரண்டு நாள் ராணி மாதிரி ஓட்டினேன். மூன்றாம் நாள் ஒரு அழகு நிலையத்துக்கு ஆள் உயரக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு வந்தேன். ஸ்டாண்டுக்கு முந்தைய திருப்பத்தில் ஸ்டியரிங் என் கையில் உதறியது. இடது பக்கம் 'கடக் கடக்' என்று கேட்டது. பிரேக்கை மிதிக்காமல் வேகத்தைக் குறைத்து, மெல்ல ஊர்ந்து, ஸ்டாண்டு ஓரமாக நிறுத்தினேன்.

டிரைவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் பெரிய குரல்காரர் ஒருவர் உண்டு, எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவோம். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றியது அவர்தான். உள்ளே கையை விட்டார்.

"அடங்கொப்புரானே! இது விரலாலயே சுத்துதே! யாரு மாட்டுனது?"

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. இடது பக்கம். காலமெல்லாம் கண்ணாடியைத் தொட்ட கை. திருகாணியை ஒரு இம்மி கூடுதலாகத் திருகினாலும் கண்ணாடி விரிசல் விட்டுவிடும் என்று, கடைசி அழுத்தத்தைக் கொடுக்காமலே நின்று பழகிய கை. அந்தக் கை இரும்பையும் அப்படியே விட்டிருக்கிறது.

கூட்டத்துக்குப் பின்னால் தம்பி நின்றான். கடையிலிருந்து ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. அவனுக்கும் விளங்கிவிட்டது. மாமா என்று சொல்லமாட்டான், நாக்கை அறுத்தாலும் சொல்லமாட்டான். தன் தலையில் போட்டுக்கொள்ளத்தான் வாயைத் திறந்தான்.

"நான்தான் மாட்டுனேன்" என்றேன் நான், அவனை முந்திக்கொண்டு.

"நீயா?"

"ஆமா. இவன் பஞ்சர் பாக்கப் போயிட்டான். எனக்கு அவசரம், நானே இறுக்கிட்டேன்."

அவ்வளவுதான். ஸ்டாண்டு முழுக்கச் சிரிப்பு. "ஏம்மா, இது என்ன ஊறுகாய் பாட்டில் மூடியா?" என்றார் ஹாரன். "நட்டக்கா" என்று ஒருவன் பெயரே வைத்துவிட்டான். இந்த ஸ்டாண்டில் என் வாய்க்குப் பயந்து ஒருத்தனும் எனக்கு முன்னால் வண்டியைச் செருகமாட்டான். அப்படிப்பட்ட நான் ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன். காது சுட்டது. தம்பி தலையைக் குனிந்தபடி ஆறு நட்டையும் ரெஞ்சால் இறுக்கினான். அவன் கண்ணில் நீர் நின்றது.

கண்ணாடிகளைக் கீறல் இல்லாமல் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இவர் மேஜை மேல் கண்ணாடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"சக்கரம் கழண்டுக்கப் பாத்துச்சு" என்றேன்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, உன் தம்பி..."

"இடது சக்கரம்."

வெட்டும் கருவி கண்ணாடி மேலேயே நின்றது. "வலது?"

"அதையும் கழட்டிப் பாத்தோம். கல்லு மாதிரி இருக்கு."

கருவியைக் கீழே வைத்தார். பிறகு, "உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

"ஆகியிருந்தா வந்து சொல்லியிருக்கமாட்டேன். நான்தான் மாட்டுனேன்னு ஸ்டாண்டுல சொல்லிட்டு வந்திருக்கேன். கெக்கேபிக்கேன்னு சிரிச்சானுங்க. போதுமா?" எனக்கு அழுகை முட்டியது, கோபமும் முட்டியது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலையில் நான் வண்டியை எடுத்தபோது இவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "ஒருதடவை கழட்டிப் பாக்கணும்னு சொன்னான்ல. போலாம்" என்றார். வழியெல்லாம் மடியில் கையை வைத்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டி நின்றதுமே ஹாரன் ஆரம்பித்துவிட்டார். "வாங்க நட்டக்கா! இன்னிக்கு எத்தனை நட்டு மிச்சம்?"

இவர் இறங்கினார். பத்துப் பேருக்கு முன்னால் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. நேராகக் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றார்.

"அவ மாட்டல. அந்தப் பக்கம் இறுக்குனது நான். அவன் ஒழுங்காத்தான் செஞ்சான், நான்தான் அவனை முழுசா செய்ய விடல. இனிமே யாரும் அவளை அப்படிக் கூப்பிடாதீங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஹாரன் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்து வண்டிக்கு அடியில் வைத்தார். தம்பி இடது சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ரெஞ்சோடு நின்றான். இவர் போய் அவனுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"எவ்வளவு அழுத்தணும்னு காட்டு, மாப்ள."

தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு அந்த வார்த்தை பழக்கம் விட்டுப்போயிருந்தது. என்னிடம் சொல்லத்தான் வாயெடுத்தான். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். எனக்கும் கழுத்து வலிக்கிறது.

"டக்குனு சத்தம் கேக்கற வரைக்கும், மாமா" என்றான் அவரிடமே.

நேற்று இறுக்கிய ஆறு நட்டையும் தளர்த்திக் கொடுத்தான். இவர் ரெஞ்சைப் பிடித்து இழுத்தார். பாதியில் கை தானாக நின்றது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மறுபடி இழுத்தார், மறுபடியும் நின்றது. தம்பி தன் கையை அந்தக் கைமேல் வைத்து அழுத்தினான்.

டக்.

"உடையலையே?" என்றார் இவர், கண்ணைத் திறக்காமலே.

"உடையாது மாமா" என்றான் தம்பி. "இன்னும் அஞ்சு இருக்கு."