பதினான்காம் கேள்விக்கு இரண்டே கட்டங்கள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சம்பளத்துக்குத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது காதில் விழுந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

உடல்நிலை காரணமாக வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் ஓர் உதவித்தொகை தருகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் தந்துவிடுவதில்லை. மறுக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்யலாம். அந்த மேல்முறையீட்டை விசாரிக்கிற அறையில், சன்னலை ஒட்டிய சின்ன மேசை என்னுடையது. அங்கே பேசப்படுவதைப் பேசப்பட்டபடியே பதிவு செய்ய வேண்டும். பேசப்படாத எதையும் பதிவு செய்யக் கூடாது. பத்தொன்பது வருடமாக இந்த விதியைப் பிசகாமல் காப்பாற்றி வந்தேன்.

ஒருநாள் இரண்டு நிமிடம் என் விரல்கள் நின்றுவிட்டன. பதிவேட்டில் அந்த இடத்தில் "(இடைவேளை)" என்று இருக்கும். அன்று யாரும் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. நான் எழுதிய முதல் புனைவு அந்த ஒற்றைச் சொல்தான். இது இரண்டாவது.

2

எப்படித் தொடங்குவது?

"அன்று காலை அவள் கண் விழித்தபோது கூரை மெல்லச் சுழலத் தொடங்கி—"

[அடித்துவிட்டேன். நோயாளிகளைப் பற்றிய கதைகள் எல்லாமே கண் விழிப்பதில்தான் தொடங்குகின்றன.]

"விண்ணப்பப் படிவத்தில் இருபத்திரண்டு பக்கங்களும் நாற்பத்தொரு கேள்விகளும் உள்ளன. அவற்றுள் முதற்பகுதியானது—"

[சுற்றறிக்கை வாடை. அலுவலகத்தை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.]

"வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவள் சாவியை உருவினாள்."

இது இருக்கட்டும்.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பதினோரு வருட சர்வீஸ், ஒரு கீறல்கூட விழாத வண்டி. ஒரு பிற்பகலில், பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது, சாலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓரங்கட்டினாள். சாவியை உருவினாள். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை மேலாளர் மேசையில் சாவியை வைத்தாள். "கேட்டாங்களா, இல்ல நீங்களா குடுத்தீங்களா?" என்று பிற்பாடு விசாரணையில் கேட்டபோது, "கேக்கற வரைக்கும் வெச்சிருக்க, அது என்ன விளையாட்டுச் சாமானா? முப்பத்திரண்டு பேர் வீட்டுப் பிள்ளைங்க" என்றாள்.

உட்காதில் ஏதோ கோளாறு. மாதத்தில் ஆறேழு நாள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஆளைச் சுழற்றிப் போட்டுவிட்டுப் போகும். மற்ற நாட்களில் கல்லுக்குண்டு மாதிரி இருப்பாள். இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு மாடி ஏறுவாள். எந்த நாள் எந்த நாளாக இருக்கும் என்று மட்டும் அவளுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நிஜத்தில் அவர் பேருந்து ஓட்டியவர் இல்லை. தொழிலை மாற்றினேன், மாற்றத்தான் வேண்டும். நோயையும் மாற்றிப் பார்த்தேன். முதுகுவலி கொடுத்தேன். கதை படுத்துவிட்டது. காதையே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.)

3

வீட்டில் இரண்டு பேர். அவளும் அவள் நாத்தனாரும். கணவன் இறந்து ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகும் நாத்தனார் அங்கேயே இருந்தாள். போக இடமில்லை என்று சொல்லிக்கொள்வாள். போக மனமில்லை என்பது என் ஊகம். கடைக்குட்டியாகப் பிறந்ததால் வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டி. முப்பத்தெட்டு வயதிலும் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரத்திலும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

படிவத்தைச் சமையலறை மேசையில் வைத்துதான் நிரப்பினார்கள். பதினான்காம் கேள்வி: உங்களால் இருநூறு மீட்டர் நடக்க முடியுமா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள். முடியும். முடியாது.

ஓட்டுநர் 'முடியும்' கட்டத்தில் குறி போட்டாள்.

"முந்தாநாள் பாத்ரூமுக்கே தவழ்ந்து போனீங்களே அண்ணி," என்றாள் குட்டி.

"இன்னைக்கு நடக்கறேன்ல?"

"ஃபார்ம்ல இன்னைக்குன்னு போடலையே."

"என்னைக்குன்னும்தான் போடல. நடக்கற காலை வெச்சுக்கிட்டு முடியாதுன்னு எழுதினா அது பொய்."

"முடியும்னு எழுதினாலும் பாதி பொய்தான்."

"பாதி பொய் எழுதறவ மீதியையும் எழுதுவா. பேனாவக் குடு."

முப்பதாம் கேள்வி, அன்றாட வாழ்க்கைக்கு யாருடைய உதவியாவது தேவைப்படுகிறதா என்பது. 'இல்லை' என்று எழுதினாள். குட்டி அந்த நேரம் அடுப்பைப் பார்க்கப் போயிருந்தாள். [இது என் கற்பனை. கோப்பில் பதில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் குட்டி பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பதில் விழுந்திருக்குமா?]

பிறகு அரசு மருத்துவரின் நேரடிப் பரிசோதனை. அது நல்ல நாளாக அமைந்து தொலைத்தது. அறிக்கையில் இருந்து மூன்று வரி, எழுத்து மாறாமல்: 'மனுதாரர் தனியாக வந்தார். குனிந்து காலணி நாடாவைக் கட்டினார். தெளிவாகப் பேசினார்.' முடியாமைக்குத்தான் புள்ளி; உதவித்தொகைக்கு எட்டாவது வாங்கியிருக்க வேண்டும். கிடைத்தது இரண்டு. மறுப்புக் கடிதம் வந்தது.

"பாஸ் பண்ணிட்டீங்க அண்ணி," என்றாள் குட்டி. "அதான் ஃபெயில்."

மேல்முறையீட்டை எழுதியது குட்டிதான். ஓட்டுநர் கையெழுத்து மட்டும் போட்டாள், அதுவும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்த பிறகு.

4

இதுவரை எழுதியதை எங்கள் கோப்பறைக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "அந்த நாத்தனாருக்குக் கோவமே வராதா? பத்து வரிக்கு ஒரு ஜோக் அடிச்சிட்டு நிக்கறா. மனுஷிதானே?"

நியாயமான கேள்வி. எனக்கும் அவள்மேல் சந்தேகம் இருந்தது. சிரிக்க வைக்கிற பாத்திரம் கையில் கிடைத்தால், அதன் வாயை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுகிற புத்தி எழுதுகிறவர்களுக்கு உண்டு. அதனால் அவளைத் தேடிக் கோப்புக்குப் போனேன்.

கோப்பில் அவளுடைய நோட்டின் பிரதி ஒன்று சாட்சியமாக இணைக்கப்பட்டிருந்தது. பதினான்கு மாதம். ஒவ்வொரு கெட்ட நாளுக்கும் ஒரு பதிவு. 'காலை 6.10 முதல் 11 வரை. வாந்தி நாலு தடவை. வாளி மாத்தினேன். கண்ணத் திறக்கல. வேலைக்குப் போகல.' அடுத்தது: 'மதியம். ஹால்ல விழுந்துட்டாங்க. முழங்கை. போன் வந்துச்சு. ஒரு மணி நேரம் ஆச்சு வர. பாதி நாள் வேலைக்குப் போகல.' பக்கம் பக்கமாக இப்படித்தான். புகார் இல்லை, கோபம் இல்லை. எல்லாப் பதிவும் 'வேலைக்குப் போகல' என்ற வரியில் முடிகிறது.

ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்த வரி மட்டும் காணாமல் போகிறது. வாந்தி இருக்கிறது, வாளி இருக்கிறது, அந்த வரி இல்லை. விசாரணைக்கு முன்னால் நான் அந்த நோட்டை மூன்று பிரதி எடுத்தேன். அப்போது இது என் கண்ணில் படவில்லை.

5

விசாரணை நாளும் நல்ல நாள்தான். ஓட்டுநர் நேராக நடந்து வந்து நேராக உட்கார்ந்தாள்.

எதிரே மூன்று பேர். நடுவில் தலைவர் அம்மா. வலப்பக்கம் மருத்துவர், முன்பு பரிசோதித்தவர் இல்லை, வேறொருவர். இடப்பக்கம் பொது உறுப்பினர். ஓய்வுபெற்ற அஞ்சல்காரர். தொடக்கத்தில் எப்போதும்போலத் தலைவர் விதியைப் படித்தார்: இந்த அறைக்குள் சொல்லப்பட்டதையும் காட்டப்பட்டதையும் மட்டுமே கணக்கில் கொள்வோம்.

மருத்துவர் கேட்டார், "சமைப்பீங்களா?"

"சமாளிச்சுக்கிறேன்."

"குளிக்க?"

"சமாளிச்சுக்கிறேன்."

"தலைசுத்தல் வர்ற அன்னைக்கு?"

"அன்னைக்கும் எப்படியோ சமாளிச்சுக்கிறேன்."

அந்தச் சொல்லை ஏழு தடவை தட்டினேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்து நாற்காலியில் குட்டி கூரையைப் பார்த்தாள்.

அதுவரை வாயே திறக்காத அஞ்சல்காரர் நோட்டின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். கடிதங்களைப் பிரித்து அடுக்கிப் பழகிய கை. குட்டியைப் பார்த்துக் கேட்டார். "முதல் ஆறு மாசம் எல்லாத்துலயும் 'வேலைக்குப் போகல'ன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கப்புறம் ஒரு இடத்துலகூட இல்லையே. இவங்களுக்கு உடம்பு தேறிடுச்சா?"

குட்டி ஓட்டுநரைப் பார்த்தாள்.

"தேறியிருந்தா சொல்லணும்மா," என்றார் மருத்துவர்.

"தேறல," என்றாள் குட்டி. "எனக்கு வேலை போயிடுச்சு. அதான் அந்த வரி எழுதல."

ஓட்டுநர் திரும்பினாள். "என்ன சொல்ற? தையல் ஆலைக்குத்தானே தினம் டப்பா எடுத்துட்டுப் போற?"

"டப்பா எடுத்துட்டுப் போறேன். ஆலைக்குப் போகல. லீவு ஜாஸ்தின்னு நிறுத்திட்டாங்க. எட்டு மாசம் ஆச்சு."

"அப்ப எங்க போற?"

"அடுத்த தெரு லாண்டரில அரை நாள். நீங்க போன் பண்ணா ஓடி வந்துடலாம்."

"மத்தியானத்துக்கு மேல?"

"நூலகத்துல உக்காந்திருப்பேன். ஃபேன் இருக்கு."

என் விரல்கள் நின்றது இங்கேதான். யாரும் பேசவில்லை. ஓட்டுநர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று என்னால் சொல்ல முடியாது. ஊகிக்க முடியும். எட்டு மாதமாக, விழுந்த இடத்தில் இருந்து போன் செய்தால் பத்து நிமிடத்தில் குட்டி வந்து நின்றாள். முன்பெல்லாம் ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு தடவையும் பஸ் சீக்கிரம் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எட்டு மாதமும் எப்படி ஒரே மாதிரி பஸ் கிடைக்கும் என்று, ஆயுசு முழுக்கச் சாலையிலேயே இருந்தவள், ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு நிமிடம் கழித்து, தலைவரைப் பார்த்துச் சொன்னாள். "நான் முதல்லேர்ந்து சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"சமாளிச்சேன்னு சொன்னேன் பாருங்க, அது நான் இல்ல. இவ. எனக்கே இப்பத்தான் தெரியுது." வழித்தடம் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். "வந்துட்டா நிக்க முடியாது. உக்காரவும் முடியாது. குளியலறைத் தரையில கன்னத்த வெச்சுப் படுத்துக்குவேன். குழாயப் புடிச்சுக்குவேன். எதுக்குன்னா, தரையில படுத்திருக்கும்போதே கீழ விழுந்துடுவோமோன்னு பயமா இருக்கும். துணி நனைஞ்சிடும். இவதான் மாத்துவா. இதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியல. அதான் எழுதல."

மருத்துவர் பேனாவை மூடினார். "ஆனா மாசத்துல இருபது நாளுக்கு மேல நல்லா இருக்கீங்க, இல்லையா?"

"இருக்கேன்," என்றாள். "அதையும் எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன்.

6

முடிவு என்னிடம் இல்லை. தீர்ப்பு மூடிய அறையில் நடக்கும். கடிதம் வேறொரு பிரிவில் இருந்து போகும். என் மேசைக்கு வராது. எழுதித்தான் பார்த்தேன்.

முதல் முடிவு: உதவித்தொகை கிடைக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு— [மாட்டார்கள். இவர்கள் அந்த ரகம் இல்லை.]

இரண்டாம் முடிவு: மறுக்கப்படுகிறது. "விட்டேனா பார்" என்று குட்டி அடுத்த நோட்டை— [அவளை மறுபடியும் ஜோக்கடிக்க நிறுத்துகிறேன். கோப்பறைக்காரர் விடமாட்டார்.]

ஆகவே எனக்குத் தெரிந்த கடைசி விஷயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அசல் நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். லிஃப்ட் வாசலில் கூட்டம். இருவரும் மாடிப்படி பக்கம் திரும்பியிருந்தார்கள். மூன்று மாடி இறங்க வேண்டும்.

"எட்டு மாசம்," என்றாள் ஓட்டுநர்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"திட்டியிருப்பேன்."

"அதுக்கப்புறம்?"

"ஃபோன் பண்ணாம இருந்திருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லல," என்றாள் குட்டி. முதல் தடவையாக அவள் குரலில் கோபம் இருந்தது.

நோட்டைக் கொடுக்க நான் நெருங்கியபோது, மேலே, படியின் தலைமாட்டில், தேநீர்க் கோப்பையோடு மருத்துவர் வந்து நின்றார். குட்டிதான் முதலில் பார்த்தாள். உதடு அசையாமல் சொன்னாள், "அண்ணி, கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு இறங்குங்க. டாக்டர் பாக்கறாரு."

ஓட்டுநர் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"எதுக்கு?" என்றாள். "இன்னைக்கு நல்லாத்தானே இருக்கேன்."

கைப்பிடியைத் தொடாமல், கையை வீசிக்கொண்டு, மூன்று மாடியும் இறங்கினாள். கூடவே குட்டியும் இறங்கினாள், அரைப் படி முன்னால், தேவைப்பட்டால் தாங்கிக்கொள்கிற மாதிரி.

மருத்துவர் தேநீரைக் குடிக்காமலே உள்ளே போனார். அவர் பார்த்தது அறைக்கு வெளியே. விதிப்படி அது கணக்கில் வராது. பார்த்த கண்ணுக்கு விதி தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. கதவு சாத்தப்பட்டது. இனி உள்ளே பேசப்படுவதைத் தட்டச்சு செய்ய எனக்கு அனுமதி இல்லை.

நீங்களும் அந்தப் படியைப் பார்த்துவிட்டீர்கள். உள்ளே போய் அந்த மூவரோடு உட்காருங்கள்.