மதகில் சிக்கிய பால் கவர்கள்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. கேட்டு வாங்கினார்கள். எங்கள் தெருவுக்கு ‘தூய்மைத் தெரு’ என்று ஷீல்டு கொடுக்கப் போகிறார்களாம். விழா மலரில் போட ஒரு பக்கக் கதை வேண்டும். குப்பையைப் பிரித்துக் கொடுத்தால் வாய்க்கால் பிழைக்கும் என்று ஜனங்களுக்குப் புரிய வேண்டும். முடிவு மட்டும் நல்லபடியாக இருக்கட்டும் என்றார்கள். (எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். பாகூர்ப் பக்கம் என்பது வரை சொல்வேன்.)

முதல் வரி இப்படி வந்தது: “பச்சைப் பசேலென்ற வயல்களுக்கு நடுவே சலசலத்து ஓடும் வாய்க்கால் ஒரு நாள்—”

நிறுத்திவிட்டேன். எங்கள் வாய்க்கால் சலசலப்பதில்லை. ஒரு லாரி டயரைச் சுற்றிக்கொண்டு, சத்தம் போடாமல் போகும்.

2

ஆக, செல்வகுமாரியிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு எதிர்வீடு, மகளிர் குழுத் தலைவி. குப்பையைப் பிரித்துப் போடப் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வந்தபோது தெருவில் ஒருவரும் மதிக்கவில்லை. ஒரு வீட்டில் பச்சையில் அரிசி கொட்டி வைத்தார்கள். இன்னொரு வீட்டில் நீலத்தைக் கோழிமேல் கவிழ்த்தார்கள். வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, அதட்டி, எல்லாரையும் வழிக்குக் கொண்டுவந்தவள் அவள்தான்.

“பால் கவரு, எண்ணெய்க் கவரு எதையும் அழுக்கோட குடுக்காதீங்கடி. கழுவிக் காயவெச்சுக் குடுங்க. அழுக்கா இருந்தா மெஷினு எடுக்காதாம்.”

கேட்டார்கள். வினையே அதுதான். குழாயில் காலை ஒரு மணி நேரம்தான் தண்ணீர். குடிக்கிற தண்ணீரில் யார் கவர் கழுவுவார்கள்? சாயங்காலமானால் நாற்பது வீடும் கவரும் சோப்புத் தூளுமாகப் பின்பக்கத்து வாய்க்கால் படியில் இறங்கியது. நுரை பொங்கப் பொங்கக் கழுவினார்கள். பத்துக் கவர் கழுவினால் இரண்டாவது கைநழுவிப் போகும். “போனா போவுது வுடுடி” என்பார்கள்.

வாய்க்காலைக் காப்பாற்றத்தான் வாய்க்காலில் கழுவினார்கள். இதை நான் கற்பனை செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் நம்பும்படி செய்திருப்பேன்.

3

போன கவர்கள் தொலைவுக்குப் போகவில்லை. கீழே மதகுக் கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அடைத்துக்கொண்டன. ஒரு மழை பெய்தது. தண்ணீர் கரை மீறிப் பலராமனின் நாற்றங்காலில் பாய்ந்தது. விதை விட்டு மூன்றே நாள். முளை அத்தனையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

பலராமன் கவர்களைக் கோணியில் அள்ளி வந்து தெருமுனையில் கொட்டினார். “இன்னாய்யா இது? யாரு வேலை இது?”

குப்பை வண்டி தள்ளும் சகாயராணி சரியாக அப்போதுதான் வந்தாள். அவ்வளவுதான், பதில் கிடைத்துவிட்டது. “தூரமா தள்ளினு போவ சோம்பேறிப்பட்டு வாய்க்கால்ல கொட்டிட்டியா?” என்றார் குப்பை வண்டிகளுக்கு மேஸ்திரியான பாக்யராஜ்.

இந்த இடத்தில் “சகாயராணி தலைகுனிந்து கண்ணீர் வடித்தாள்” என்று எழுதியிருந்தேன். அதை அவளிடமே படித்துக் காட்டினேன், புத்தி கெட்டுப்போய்.

“நான் எப்ப அழுதேன்?”

“கதைக்காகம்மா...”

“கதைக்கு வேணும்னா நீங்க அழுவுங்க. நான் இன்னா சொன்னனோ அத எழுதுங்க.”

எழுதுகிறேன். அவள் குந்தி ஒரு கவரை எடுத்தாள், முகர்ந்தாள், எல்லாரிடமும் நீட்டினாள். “சோப்பு வாசனை அடிக்குது பாருங்க. குப்பையிலேந்து கொட்டுனா இப்பிடியா இருக்கும்? இது இன்னும் என் வண்டிக்கே வரல.”

செல்வகுமாரி முகர்ந்து பார்க்கவில்லை. எலுமிச்சை வாசனை நின்ற இடத்துக்கே வந்தது. அவள் வீட்டுச் சோப்புத் தூள்தான். தெருவைத் திருத்தப் போய் ஒருத்தர் நாற்றங்காலை அழித்துவிட்டோமே என்று பதறினாள். வாயைத் திறந்தால் நாற்பது வீடும் மாட்டும், ஷீல்டும் போகும். திறக்கவில்லை. மற்ற முப்பத்தொன்பது வீடும் திறக்கவில்லை.

சகாயராணியை வேலைக்கு வர வேண்டாம் என்றார் மேஸ்திரி. திங்கட்கிழமை தெருவின் சார்பில் குழுத் தலைவி கையெழுத்துப் போட்டு ஆபீஸில் ஒரு புகார் மனு தந்தால் ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள். தராவிட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள்.

4

முடிவு (அ): செல்வகுமாரி உண்மையைச் சொல்கிறாள். பலராமன் பெருந்தன்மையாகச் சிரிக்கிறார். எல்லாரும் சேர்ந்து மதகைச் சுத்தம் செய்கிறார்கள். விழா மலருக்குக் கச்சிதமாக இருக்கும். பலராமனைத் தெரிந்தவர்கள்தான் நம்பமாட்டார்கள்.

முடிவு (ஆ): கையெழுத்துப் போடுகிறாள். சகாயராணி தவளக்குப்பத்தில் ஏதாவது ஓட்டலில் பாத்திரம் தேய்க்கக் கேட்டுப் போகிறாள். அங்கேயும் “ஏன் நிறுத்தினாங்க?” என்று கேட்க, அவள்—

இதை முடிக்க எனக்கு மனமில்லை.

முடிவு (இ)-க்கு முன்னால் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த மனுவை எழுதியவன் நான். எங்கள் தெருவில் மனு என்றால் என்னிடம்தான் வருவார்கள். “மேற்படி பணியாளர் தொடர்ந்து அலட்சியமாக நடந்துகொள்வதால்...” என்று ஒரே மூச்சில் வந்தது, ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. இந்தக் கதைக்கோ இது ஏழாவது படி. எங்கள் வீட்டுக் கவரும் அந்தக் கோணியில் இருந்தது. கழுவியவன் நான்தான். சகாயராணியிடம் கதையைப் படித்துக் காட்டினேனே, மனுவைப் படித்துக் காட்டவில்லை.

5

இன்று திங்கள், மணி ஒன்பதரை. செல்வகுமாரி மனுவை வைத்துக்கொண்டு என் வாசலில் நிற்கிறாள். கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாகத்தான் இருக்கிறது.

“ரெண்டு நாளா சோறு எறங்கலண்ணா. போடட்டுமா, வேணாவா? எழுதுனவரு நீங்க, நீங்களே சொல்லுங்க.”

“இரும்மா, கதையை முடிச்சிட்டு வரேன்.”

“அதுல இன்னா முடிவு?”

வாசகரிடம் தள்ளிவிட்டால் கௌரவமாகத் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு வழக்கம் உண்டு, முடிவு (இ) என்று அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள், நான் போய் அவளிடம் சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் சீக்கிரம். ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும். சகாயராணி வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கே அங்கே போய் நிற்கிறாள்.