கழற்றி வைத்த டிஸ்க்

மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் ‘நீங்க’ என்றுதான் பேசிக்கொள்வார்கள். அதில் மரியாதை கிடையாது. இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்து, அந்த ஒரு சொல்லில் எவ்வளவு விஷம் ஏற்றலாம் என்பது இருவருக்கும் கைவந்திருந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அவர் நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, சாட்சி இருமினால்கூட விடாமல் தட்டச்சு செய்து கொடுப்பவர். அறுபது வயதிலும் அவர் வேகத்துக்கு அலுவலகத்தில் வேறு ஆள் இல்லை. குடியிருந்த கட்டடத்தை இடிக்கிறார்கள் என்று மகள் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்தவர். புதுக் கட்டடம் எழும்பவேயில்லை.

அவருடைய லேப்டாப் பழசு. ஒரு ஃபைலைத் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். மகள் புது டிஸ்க்கும் கூடுதல் ரேமும் வாங்கி வந்து மேஜையில் வைத்தாள். சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பும்போது கணவனிடம், “இன்னிக்கு லீவுதானே, அம்மாவுக்கு மாட்டிக் குடுத்துடுங்க. சண்டை போடாம” என்றாள்.

“நான் எங்க சண்டை போட்டேன்?” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவள் சிரிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அவன் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு அடிமூடியைத் திறந்தான். பழைய டிஸ்க்கைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வேலையில் திருகாணி தொலையாமல் இருக்க எதையும் பையில் போடுவது அவன் வழக்கம். பேட்டரி வயரை முதலில் பிடுங்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அஞ்சு நிமிஷ வேலைக்கு எதற்கு என்று விட்டுவிட்டான்.

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார்.

“கைல அழுக்கு இருக்கே, கழுவலையா?”

“கழுவிட்டுதான் உக்காந்தேன் அத்தை.”

“கடையில குடுத்திருக்கலாம். இவதான் கேக்க மாட்டேனுட்டா.”

ரேமுக்குப் பக்கத்தில் இருந்த தகட்டின் திருகாணி இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினான். அசையவில்லை.

“லிஃப்ட்டுல நாலு மணி நேரம் ஆளுங்க மாட்டிக்கிட்டுக் கிடந்தாங்களே, போன வருஷம்… அதுவும் இந்தக் கைதானே மாப்ள?”

அந்த விபத்தில் அவன்மேல் தப்பில்லை என்று கம்பெனி எழுதியே கொடுத்திருந்தது. அந்தக் கடிதத்தை அவருக்கும் காட்டியிருந்தான். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தவர்தான்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். ஸ்க்ரூடிரைவர் சறுக்கி, மதர்போர்டின் குறுக்கே கிழித்துக்கொண்டு ஓடியது. சுள்ளென்று ஒரு சின்னப் பொறி. நெடி மூக்கில் ஏறியது. எள்ளளவு கறுப்புத் துணுக்கு ஒன்று தெறித்து மேஜையில் விழுந்தது.

புது டிஸ்க்கை மாட்டி, மூடி, பொத்தானை அழுத்தினான். விளக்குகூட எரியவில்லை. இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

“என்னாச்சு?”

“பழைய போர்டு அத்தை. தானா போயிருக்கும்.”

மாமியாருக்கு முகம் வெளுத்தது. “பதினேழு சாட்சி. மூணு வாரமா அடிச்சது. செவ்வாக்கிழமை குடுக்கணும். காப்பிகூட எடுத்து வைக்கல. எல்லாம் அதுக்குள்ள இருக்கு!”

எல்லாம் தன் சட்டைப்பையில் உள்ள பழைய டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல அவன் வாய் திறந்தான்.

“தொட்டதெல்லாம் நாசம் பண்ற கை உனக்கு!” என்றார் அவர். “என் பொண்ணு வாழ்க்கையையும் சேர்த்து!”

உனக்கு. இரண்டு வருடத்தில் முதல் தடவை. அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் தவிக்கட்டும், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வெளியே போய்விட்டான்.

சாயங்காலம் திரும்பியபோது மாமியார் போனில் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டபடி நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிக்கொண்டிருந்தார். டியூட்டி முடிந்து வந்த மகளும் உடுப்பைக்கூட மாற்றாமல் இன்னொரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். மாமியாரின் கண்கள் வீங்கியிருந்தன.

“அம்மா இன்னும் சாப்பிடல” என்றாள் மனைவி, தலை நிமிராமல். “என்னதான் பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணல. தானா போச்சு.”

அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டுச் சட்டை மாற்றும்போது டிஸ்க்கை எடுத்துப் புதுச் சட்டையின் பையில் வைத்தான். முந்தின நாள் பழக்கத்தில் போட்டது. இன்று தெரிந்தே செய்தான். அன்று முழுக்க மாமியார் எழுதினார். பேனா பிடித்துப் பழகாத விரல் கன்றி, துணி சுற்றிக்கொண்டு எழுதினார். ஏழாவது சாட்சியைத்தான் தாண்ட முடிந்தது.

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் லேப்டாப் பழுது பார்க்கும் கடைக்குப் போனார்கள். கடைக்காரப் பெண் முகத்தில் சிரிப்பே இல்லாதவள். மூடியைத் திறந்தாள்.

“வீட்டுல யாராவது கை வெச்சீங்களா?”

“இல்ல” என்றான்.

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். மைக்ராஸ்கோப்பின் கீழே போர்டை நகர்த்தி, திரையைத் திருப்பிக் காட்டினாள். பச்சைத் தகட்டில் பளபளவென்று ஒரு கீறல், வாய்க்கால் வெட்டினமாதிரி.

“இது தானா வந்த கோடா சார்? ஸ்க்ரூடிரைவர் சறுக்கியிருக்கு. மூணு இழை அறுந்திருக்கு, ஒரு கப்பாசிட்டர் பேந்திருக்கு. பேட்டரியைக் கழட்டாம நோண்டினதால ஷார்ட் வேற. ஒட்டித் தரலாம், ரெண்டு வாரம் ஆகும்.”

மனைவி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமியார்தான் பேசினார். “அவர் கை வைக்கலைன்னா வைக்கலதான்மா. போர்டுதான் பொய் சொல்லுது.” பிறகு குரல் இறங்கிக் கேட்டார். “உள்ள இருந்தது எல்லாம் போச்சா?”

“உள்ள ஒண்ணுமே இல்லயே. இது புது டிஸ்க். காலி. பழசு எங்க? அதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.”

கடையில் சின்ன ஃபேன் ஒன்று கடகடத்துக்கொண்டிருந்தது. அவன் கை சட்டைப்பைக்குப் போனது. டிஸ்க்கை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான்.

மாமியார் அதைப் பார்த்தார். அப்புறம் துணி சுற்றிய தன் விரலைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தான். கத்தவில்லை.

மனைவிதான் கேட்டாள். “எப்பலேர்ந்து?”

“சனிக்கிழமையிலேர்ந்து.”

“நேத்து நான் சட்டையைத் துவைக்கக் கேட்டேனே. பையில இருந்ததை எடுத்துட்டுதான் குடுத்தீங்களா?”

அவள் அம்மாவின் தோளில் கை வைத்து, “வாம்மா” என்றாள். டிஸ்க்கை அவளே எடுத்துக்கொண்டாள்.

நீதிமன்ற அலுவலகத்தின் கம்ப்யூட்டரில் டிஸ்க்கை இணைத்து, மீதி வேலையை முடித்து, செவ்வாய் மதியமே ஒப்படைத்துவிட்டார் மாமியார். இரண்டு வாரத்தில் லேப்டாப்பும் உயிரோடு வந்தது. அதற்குள் அவர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்றைப் பார்த்துவிட்டார். மகள் எவ்வளவோ கெஞ்சியும் கேட்கவில்லை.

அவர் கிளம்பும் நாளில் அவன் பீரோவைத் தூக்க வந்தான். “வேண்டாம், ஆள் சொல்லியிருக்கேன்” என்றார்.

“அத்தை, என்னை மன்னிச்சிடுங்க.”

“எதுக்கு? போர்டுக்கா, டிஸ்க்குக்கா?”

அவன் யோசித்தான். “டிஸ்க்குக்கு.”

“போர்டுக்குன்னா இப்பவே மன்னிச்சிருப்பேன். அதுல எனக்கும் பங்கு இருக்கு. நீங்க அழுத்துற நேரம் பாத்து, எங்க குத்தினா வலிக்கும்னு தெரிஞ்சுதான் அந்த லிஃப்ட் பேச்சை எடுத்தேன்.” மூட்டை ஒன்றை இழுத்துக் கட்டினார். “ஆனா ரெண்டு நாள் நான் எழுதறதைப் பாத்துக்கிட்டே இருந்தீங்களே. அது கை சறுக்கினது இல்ல.”

வண்டி வந்தது. மகளும் அம்மாவோடு ஏறிக்கொண்டாள். ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவள், வந்த பிறகும் கணவனிடம் தேவைக்குமேல் பேசவில்லை. சட்டையைத் துவைக்கப் போடும்போது மட்டும் பையை வெளியே இழுத்து, தட்டி, அவன் எதிரிலேயே உதறிக் காட்டுவாள். அவன் அதைப் பொறுத்துக்கொண்டான்.

மாமியார் தினமும் மகளுக்குப் போன் செய்வார். அவன் எடுத்தால் உடனே வைத்துவிடுவார். நான்கு மாதம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தபோது மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவன் எடுத்தான்.

“அவ இல்லையா?”

“மாடியில இருக்கா. கூப்பிடவா?”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவார் என்று காத்திருந்தான்.

“வேண்டாம். துணியைக் காயப்போட்டுட்டு வரட்டும். பத்து நிமிஷம் கழிச்சுப் பண்றேன்” என்றார் மாமியார். அப்புறம்தான் வைத்தார்.

அவன் போனை மேஜையில் வைத்துவிட்டு, பத்து நிமிடமும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.