சோடா உப்பு

ஆதார் அட்டைக்குத் தவிர, மண்ணாங்கட்டி அண்ணன் தன்னைப் படம் எடுக்க யாரையும் விட்டதில்லை. அவருக்கு முன் பிறந்த இரண்டும் தங்காததால் வைத்த பெயர் அது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அவரும் நம்பினார். என் ஃபிலிம் கேமராவுக்கு மட்டும் உப்பளத்தில் ஒருமுறை நின்றார். "இதுல உடனே தெரியாதுல்ல? அப்ப எடு" என்றார். அடுத்த மாதம் அதே பாத்தியில் இடி விழுந்து இறந்துபோனார்.

பழி என்மேல் வரும் என்று பயந்து சாவு வீட்டில் கடைசியில்தான் நின்றேன். ஆனால் சில நாள் கழித்து அவர் மனைவி மலர்கொடி அக்கா வந்து கேட்டது வேறு. நாளைக்குக் கருமாதி, மாலை போட ஒரு படம் வேண்டும். ஆதார் அட்டைப் படம் திருடன் மாதிரி இருக்கிறதாம்.

ஃபிலிமைச் சென்னைக்கு அனுப்ப நேரமில்லை. வீட்டிலேயே கழுவும் முறை ஒன்றை புகைப்பட வகுப்பில் கேட்டிருந்தேன்: காபித்தூள், வைட்டமின் சி, சோடா. சிக்கரி கலக்காத தூளை நான் வாங்கினேன். சோடா உப்பை அக்கா வாங்கி வந்தார்.

இருட்டில் ஃபிலிமைச் சுருட்டி வெளிச்சம் புகாத டப்பாவில் போட்டு மூடி, மூடியின் துளை வழியே கலவையை ஊற்றினேன். பிறகுதான் சந்தேகம் வந்தது. வெட்டிப்போட்ட ஃபிலிம் நுனி ஒன்று கிடந்தது. ஏற்கனவே வெளிச்சம் பட்டது அது; சரியான கலவையில் நனைந்தால் கறுக்க வேண்டும். மிச்சக் கலவையில் போட்டேன். எவ்வளவு நேரம் பார்த்தும் கறுக்கவில்லை. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

அடுத்து ஊற்ற வேண்டியது, எழும்பிய படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர். படம் எழும்பாத ஃபிலிமில் அதை ஊற்றினால் எல்லாம் கரைந்துபோகும்; பிறகு அந்த ஆதார் முகம்தான் மிஞ்சும். பாட்டிலைக் கீழே வைத்தேன்.

கடையில் என்ன கேட்டு வாங்கினீர்கள் என்றேன்.

"நீ சொன்ன சோடா உப்புதான். ஆப்பத்துக்கா போண்டாவுக்கான்னு கேட்டான். எதுக்கோ, குடுப்பான்னேன்."

அது சமையல் சோடா; வகுப்பில் சொன்னது துணி துவைக்கும் வாஷிங் சோடா. என் வாயில்தான் வாஷிங் சோடா சோடா உப்பு ஆகியிருந்தது.

"துணிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, பூஜா?" என்று சொல்லிவிட்டு அக்கா லாண்டரிக்கு ஓடினார். நான் டப்பாவைத் திறக்காமல் பழைய கலவையை வடித்து, தண்ணீர் ஊற்றி அலசினேன். உள்ளே ஃபிலிம் கெட்டுவிட்டதா என்று பார்க்க வழியில்லை.

அக்கா கொண்டுவந்த வாஷிங் சோடாவில் செய்த புதுக் கலவையில் இன்னொரு நுனியைப் போட்டேன். பழுப்பாகி, பிறகு கறுத்தது. அக்கா மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. ஊற்றினேன். நேரம் பார்த்து வடித்து, ஃபிக்ஸரையும் ஊற்றினேன்.

ஈர ஃபிலிமில் உப்புக் குவியல்கள் கரியாகத் தெரிந்தன. "இது யாரு, பேயாட்டம்?" என்றார் அக்கா. கைபேசியில் எடுத்து, கறுப்பை வெள்ளையாக மாற்றிக் காட்டினேன். கொஞ்சம் மங்கல். ஆனால் அண்ணன் இருந்தார். வாய் பாதி திறந்து, எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக் கை நீட்டியபடி.

"யார்கிட்ட பேசறாரு?"

"நீங்க அப்பத்தான் சோறு கொண்டாந்தீங்கக்கா."

அக்கா கைபேசியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப திட்டறாரு. அன்னிக்கு லேட்டு" என்றார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இதையே பெருசு பண்ணிக் குடு."